நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே

எண்பத்து நான்காம் வருடத் தீபாவளிக்கு முந்தின நாள், மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் நல்லம்மாள் ஒரு மயிலை வளர்த்துக்கொண்டிருந்தாள். சாயம் ஏற்றிக் காயவைத்த நொய்யரிசிதான் அந்தத் தரைக்கோலத்துக்குச் சரக்கு. கழுத்து முடிந்துவிட்டது, தோகைதான் இன்னும் முளைக்கவில்லை.

துப்புரவுப் பகுதியின் சூப்பர்வைசர் எல்ஸி பக்கத்திலேயே நின்றாள். நின்றாளே தவிர, மனசெல்லாம் மேனேஜர் லாவின் மேசையில் கிடந்தது. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த நல்லம்மாள், தோட்டம் கைமாறியதும் ஈப்போவின் புந்தோங்கு பகுதிக்கு வந்து, மூன்று வருடமாக இங்கே தினக்கூலிக்குத் தரை துடைக்கிறாள். அவளை நிரந்தரமாக்கச் சொல்லி எல்ஸி நாயாய் அலைந்து, கடிதம் டைப் அடிக்கும் வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கோலம் நன்றாக வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று லாவ் சொல்லியிருந்தார்.

தோகை கழுத்தின் நீலத்தில் தொடங்கி, நுனிக்குப் போகப்போக ஆரஞ்சாக வேண்டும். எங்கே மாறியது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது. அதுதான் லாவ் கேட்டது. எல்ஸிக்குக் கை சும்மா இருக்கவில்லை. கிறிஸ்துமஸ் குடிலுக்கு வருடா வருடம் நீலமும் ரோஸும் குழைத்து அந்தி வானம் தீட்டுகிறவள் அவள். அதே வித்தை இங்கேயும் பலிக்கும் என்று நினைத்துவிட்டாள். நல்லம்மாள் மாடிப்படி துடைக்கப் போன நேரத்தில், நீலச் சாயத்தையும் ஆரஞ்சுச் சாயத்தையும் ஒரே பேசினில் ஊற்றி, மூன்று கிலோ நொய்யைக் கொட்டிக் கிளறினாள். வந்தது சாக்கடைச் சேறு.

நல்லம்மாள் வாளியோடு திரும்பவும் லாவ் வரவும் சரியாக இருந்தது. லாவ் பேசினை எட்டிப் பார்த்தார், பிறகு நல்லம்மாளைப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்குள் ஒழுங்காக வராவிட்டால் எல்லாவற்றையும் கூட்டி அள்ளிவிடு, அந்தக் கடிதத்தையும் கிழித்துப் போடுகிறேன் என்று எல்ஸியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அது தன் கைவேலை என்று சொல்ல எல்ஸி வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. சூப்பர்வைசர் நாற்காலி யாருக்குத்தான் கசக்கும்?

லாவ் போனதும் நல்லம்மாள் பேசினுக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். திட்டவில்லை.

"சாயத்த கலக்கக் கூடாது எல்ஸிம்மா. அரிசியத்தான் கலக்கணும், அதுவும் காஞ்ச அரிசி."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படி ஒண்ணாகும்? அதோட, நீலத்தையும் ஆரஞ்சையும் நேரா மோத விட்டா அழுக்குதான் மிஞ்சும். நடுவுல வெள்ளைய உக்கார வைக்கணும். குசினில சாயம் போடாத நொய் இருக்கா, கேட்டு வாங்கிட்டு வாங்க."

எல்ஸி ஹோட்டல் சமையலறைக்கு ஓடினாள்.

அப்புறம் நடந்ததை அவள் இமைக்காமல் பார்த்தாள். முன்பே சாயமேற்றிக் காயவைத்த நீல அரிசியும் ஆரஞ்சு அரிசியும் தனித்தனியாக மிச்சம் இருந்தன. காலிப் பால்டின் ஒன்றுதான் அளவு. ஏழு டின் நீலத்துக்கு ஒரு டின் வெள்ளை, உலர்ந்தபடியே கலந்து ஒரு வரிசை. அடுத்த வரிசைக்கு ஆறுக்கு இரண்டு, அதற்கடுத்து ஐந்துக்கு மூன்று. இப்படியே நீலம் இறங்கி இறங்கி வெறும் வெள்ளையில் வந்து நின்றது. அங்கிருந்து ஆரஞ்சு ஒரு டின், இரண்டு டின் என்று ஏறியது. எழுதப் படிக்கத் தெரியாத பெண், ஓர் அளவும் பிசகவில்லை. இரண்டு வரிசை சேரும் இடத்தை மட்டும் விரல் நுனியால் இலேசாகக் கலைத்துவிட்டாள், கோடு போன இடம் தெரியவில்லை. இந்தக் கையிலா இத்தனை நாள் துடைப்பத்தைக் கொடுத்து வைத்திருந்தோம் என்று எல்ஸிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பன்னிரண்டுக்கு லாவ் வந்து குனிந்து பார்த்தார். அவ்வளவு கிட்டத்தில் நீலமும் வெள்ளையும் தனித்தனி அரிசியாகத்தான் கிடந்தன. முகம் சுருங்கியது. எல்ஸி அவரை விடவில்லை. முதல் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கைப்பிடிச் சுவரோரம் நிறுத்தினாள். அங்கிருந்து அரிசி தெரியவில்லை. நீலம் வெளுத்து, வெளுத்தது பழுத்து, ஆரஞ்சாகி விரிந்த தோகைதான் தெரிந்தது. எங்கே மாறியது என்று லாவ் தேடினார். கிடைக்கவில்லை.

காலையில் அரிசியைக் கெடுத்தவளா இதைச் செய்தாள் என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினாலும் கடிதம் கிடைத்துவிடும். ஆனால் கீழே அப்படியொரு சுத்தமான வேலை கிடக்கும்போது பொய்யை மென்று விழுங்க எல்ஸியால் முடியவில்லை. கெடுத்தது நான், மீட்டது அவர் என்று சொல்லிவிட்டாள். லாவ் அறைக்குப் போய்ப் பேனாவைத் திறந்தார்.

கடிதத்தோடு எல்ஸி கீழே வந்தாள். "காலைல உங்க மேல பழி விழுந்தப்ப நான் வாயத் திறக்கல அக்கா."

"தெரியும்," என்றாள் நல்லம்மாள். "அவரு பேசுனதுதான் இங்கிலீசு. பார்த்த பார்வை எனக்குப் புரியாமலா போச்சு? அத விடுங்க. இதுல என் பேரு எங்க இருக்கு, காட்டுங்க."

எல்ஸி விரல் வைத்துக் காட்டினாள். வேலை அட்டையில் இத்தனை நாளும் நல்லம்மாளுக்கு இருந்தது ஒரு நம்பர்தான். சாயம் பட்டுவிடக் கூடாது என்று நல்லம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, தன் பெயரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.