கழிப்பறைக் காலண்டர்

டச்சு நகரமான க்ரோனிங்கனின் மாணவர் வீடுகளில் ஓர் அறை காலியானால், புது ஆளை அங்கே குடியிருப்பவர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். எத்தியோப்பியாவிலிருந்து படிக்க வந்த செலாம் ஐந்து வீடுகளில் அடக்கமாகச் சிரித்துப் பார்த்து, ஐந்திலும் தோற்றிருந்தாள். ஒரு மாதமாகக் கூடாரத்தில்தான் படுக்கை. இந்த ஆறாவது வீட்டில் பல்லைக் காட்டிக் கெஞ்சுவதில்லை என்ற முடிவோடு வந்திருந்தாள்.

"நீ வந்தா எங்களுக்கு என்ன லாபம்?" என்றான் சமையலறையில் உட்கார்ந்திருந்த உள்ளூர்க்காரன் யெல்லே.

"அது இருக்கட்டும். தொட்டியில அந்தச் சட்டி எத்தனை நாளா ஊறுது?"

லாத்வியாக்காரி இல்சே சிரித்துவிட்டு யெல்லேயைக் கைகாட்டினாள். "நல்லாக் கேளு! மூணு நாளாச்சு. தொரையோடதுதான்."

"ஊறினாத்தான்டி கறை போகும்!"

"ஊறினது போதும், எந்திரிச்சுக் கழுவு," என்றாள் செலாம். யெல்லே முணுமுணுத்துக்கொண்டே எழுந்து கழுவினான்.

கிளம்புமுன் கழிப்பறைக்குப் போனாள். டச்சு வீடுகளின் வழக்கப்படி, குடியிருப்பவர்களின் பிறந்தநாள்களைக் குறித்துவைக்கும் காலண்டர் அங்கே தொங்கியது. ஆறு நாட்டுப் பெயர்கள் இருந்தன. பேனாவை எடுத்துத் தான் பிறந்த தேதியில் தன் பெயரையும் எழுதினாள்.

"நாளைக்குச் சொல்றோம்," என்று அனுப்பிவைத்தார்கள்.

வாசலில் சைக்கிள் பூட்டைத் திறந்தபோது மாடி ஜன்னலில் இல்சேயின் தலை தெரிந்தது.

"அடியே! பென்சில்ல எழுதக் கூடாதா? அழிய மாட்டேங்குது!"

"அழிக்கவா எழுதினேன்?"

உள்ளே எல்லாரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. யெல்லேயும் எட்டிப் பார்த்தான். "நாங்க ஒத்துக்கிட்டோம். வியாழக்கிழமை உன் பொறந்தநாளாமே, எங்க ஊர் வழக்கப்படி கேக் நீதான் கொண்டு வரணும். கூடாரத்த எப்போ பிரிக்கிற?"

செலாம் சைக்கிளை மறுபடி பூட்டிவிட்டுப் படியேறினாள்.