மான் கறிக்கு இடமில்லை

அமெரிக்காவுல விஸ்கான்சின் பக்கம் நவம்பர் வந்தா ஆம்பளைங்க ஆரஞ்சு சட்டையை மாட்டிக்கிட்டு மான் வேட்டைக்குக் கிளம்பிருவாங்க. அடிச்ச கறியெல்லாம் வெர்னா வீட்டு கராஜ்ல இருக்கற பெரிய ஃப்ரீசருக்குள்ள போகும். மாமனார் காலத்துலேர்ந்து அப்படித்தான். இந்த வருஷம் வெர்னா அதுக்குள்ள, தானே காய்ச்சிப் புளிக்க வச்ச பீர் ஜாடியை இறக்கிட்டா.

சாதா பீர் இல்ல, குளிர்ல மெதுவாப் புளிக்கற லாகர். அதுக்குக் கிணத்துத் தண்ணிக் குளிர்ச்சிதான் வேணும். சூடேறினா ருசி கெட்டுப் போகும், ரொம்பக் குளிர்ந்தா ஈஸ்ட் தூங்கிரும். அதுக்காகவே ஃப்ரீசருக்குக் கரண்டை வெட்டி வெட்டி விடற டப்பா ஒண்ணு மாட்டினா. சூடு எவ்வளவுன்னு பாக்கற அதோட அளவுக்கம்பியைக் காத்துல தொங்கவிடல. ஜாடி வயித்துலயே ஒட்டி, மேல பழைய கம்பளி சாக்ஸைச் சுத்தினா. உள்ள ஈரம் கோத்தா பூஞ்சை புடிக்குமே, அதனால தினம் துணியால துடைப்பா. ஊர்ல பீர் காய்ச்சறவங்க கிளப் நடத்தற பிப்ரவரி போட்டிக்குப் பேரு குடுத்திருக்கா. புருஷன் கார்டி பேரு இல்ல, அவ பேரு. அந்தக் கிளப்புல பொம்பளை பேர்ல லாகர் போனதே இல்ல.

வெள்ளிக்கிழமை எல்லாரும் மீன் வறுவல் சாப்பிடறப்ப கொழுந்தன் டுவேன் சிரிச்சான். "அண்ணிக்கு லாகரா? ஆப்பிள் பை சுடறதுன்னு நெனச்சுட்டாங்க போல."

"அந்தப் பையைத்தான நீ ரெண்டு தட்டு முழுங்கின," ன்னுட்டு வெர்னா மீனைத் தின்னா.

ஞாயித்துக்கிழமை சர்ச்சுலேர்ந்து வந்து கராஜைப் பாத்தா, டுவேன் வேலையைக் காட்டியிருக்கான். டப்பாவைக் கழட்டிட்டு ஃப்ரீசர் வயரை நேரா சுவத்துல சொருகி, ஜாடியைச் சுத்திக் கறிப் பொட்டலமா அடுக்கி வச்சிருக்கான். ஜாடி ஓரத்துல நூல் நூலா ஐஸ். மூடியில, ஈஸ்ட் விடற காத்து வெளியேறற தண்ணிக் குழாய் எந்நேரமும் ப்ளப் ப்ளப்புன்னு பேசிக்கிட்டே இருக்கும். அது வாயை மூடிருச்சு.

கார்டி பின்னாலயே வந்தான். "விடு வெர்னா, தம்பிதானே. அடுத்த வருஷம் போட்டுக்கலாம்."

"அடுத்த வருஷம் மான் வராதாங்க?"

பொட்டலத்தையெல்லாம் எடுத்து, வாசல்ல நின்ன டுவேன் டிரக்குல பனிமேலயே வீச ஆரம்பிச்சா. அடுக்களைலேர்ந்து டுவேன் காபி கப்போட வந்தான்.

"அண்ணி, என்ன பண்றீங்க? இது எங்கப்பா பெட்டி."

"உங்கப்பா உனக்குத் துப்பாக்கியைக் குடுத்தாரு, எங்களுக்குப் பெட்டியைக் குடுத்தாரு. நான் என்னிக்காவது உன் துப்பாக்கில துணி காயப்போட்டேனா?"

"கறி என்ன ஆகறது?"

"உன் மான் செத்துப் போச்சுடா. அதுக்குப் பனியும் ஒண்ணு, பெட்டியும் ஒண்ணு. என் ஈஸ்ட் உசிரோட இருக்கு."

கார்டிக்குச் சிரிப்பு வந்துருச்சு, இருமற மாதிரி சமாளிச்சான்.

வெர்னா டப்பாவைத் திரும்ப மாட்டினா. பெயின்ட் டின்னுக்குள்ள குண்டு பல்பைப் போட்டு, அதோட வயரை டப்பால சூடாக்கறதுக்குன்னு இருக்கற ஓட்டைல சொருகி, ஜாடி பக்கத்துல வச்சா. அவசரப்படுத்தல, மெதுவாத்தான் ஏத்தினா. ஜாடியை லேசா ஆட்டிவிட்டு, அடியில தூங்கற ஈஸ்டைக் கெளப்பிவிட்டா. அப்புறம் ஒரு பூட்டு வாங்கிட்டு வந்து ஃப்ரீசர்ல மாட்டிட்டா.

ரெண்டு நாளா ஜாடிலேர்ந்து ஒரு ப்ளப்பும் இல்ல. மூணாம் நாள் டுவேன் இன்னொரு மானோட வந்து நின்னான்.

"ஏன் அண்ணி, செத்த பீருக்கு எதுக்குப் பூட்டு? தெறங்க."

வெர்னா பதில் சொல்றதுக்குள்ள பெட்டிக்குள்ள ஒரு ப்ளப். கொஞ்சம் விட்டு இன்னொண்ணு.

"கேட்டுச்சா? இடமில்லைங்குது," ன்னுட்டு சாவியைக் கழுத்துச் செயின்ல கோத்துக்கிட்டா.