கப்பலை நிறுத்திய விதை

கண்ணாடி டம்ளரில், ஈரப் பஞ்சின் மேல், கடுகளவு கறுப்பு விதை ஒன்று கிடந்தது. அது இன்னதென்று தெரியும்வரை, துறைமுகத்தில் நிற்கும் வெளிநாட்டுக் கப்பலிலிருந்து ஒரு மணி கோதுமைகூட இறங்கக் கூடாது.

"ஏண்டி, அத்தாம்பெரிய கப்பலை இந்தத் துக்கடாவுக்காகவா நிறுத்தி வச்சிருக்க?" என்றாள் அக்கா, ஆய்வுக்கூட வாசலில் நின்றபடியே. அவளுடைய மாவு மில்லில் கோதுமை தீர்ந்துவிட்டது. இன்னும் தாமதமானால் மில்லைப் பூட்ட வேண்டும். ஆட்கள் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள்.

இறக்குமதித் தானியத்தைச் சோதிக்கும் அதிகாரியான தங்கைக்கு இதை விளக்குவதில் அலுப்பே வராது. கோதுமை தனியாக வருவதில்லை. அறுவடை இயந்திரம் வயலில் நின்றதையெல்லாம் சேர்த்துத்தான் அள்ளும். இது ஒரு பொல்லாத களையின் விதையாக இருக்கலாம். கோதுமை விளைந்த நாட்டில் அது வெறும் வயலோரக் களை. பனிக்காலம் வந்தால் கருகிவிடும். இங்கே பனி ஏது? பயிர்மேல் ஏறிப் படர்ந்து மூடிவிடும். ஆனால் இதே போன்ற விதை ஒரு சாதுவான செடிக்கும் உண்டு. பூதக்கண்ணாடியில் இரண்டும் ஒன்றுதான். முளைக்க வைத்துத்தான் பார்க்க வேண்டும். முதல் இலையின் நுனி பிளந்திருந்தால் கப்பல் திரும்பிப் போகும். முழுசாக இருந்தால் இறக்கலாம்.

"அப்போ சட்டுன்னு முளைக்கச் சொல்லு."

"புளிக்க வச்ச மாவை அதட்டிப் பாத்திருக்கியாக்கா?"

"அதட்டியிருக்கேன். மதிக்கவே இல்ல."

அடுத்த அறையில் தொலைபேசி அடித்தது. கப்பல்காரர்கள்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே தங்கைக்குச் சுரீரென்றது. கப்பல் கோதுமையில் மாதிரி எடுத்துச் சலித்ததில் அகப்பட்டது அந்த ஒரே விதைதான். அது இல்லையென்றால் சந்தேகமும் இல்லை, தடையும் இல்லை. அக்கா அதனுடன் தனியாக இருக்கிறாள். ஒரு விரல் போதும்.

ஓடி வந்தாள். டம்ளர் வைத்த இடத்தில் இல்லை.

"என்னக்கா பண்ண?"

"கத்தாதடி. இருட்டுல கெடந்துச்சு, ஜன்னல்கிட்ட தள்ளி வச்சேன்." அக்கா குனிந்தபடியே குரலைத் தாழ்த்தினாள். "இங்க வந்து பாரேன். நிமிருது!"

கொக்கி போல வளைந்த வெள்ளைத் தண்டு பஞ்சிலிருந்து எழுந்திருந்தது. அதன் தலையில் கறுப்புத் தோல் இன்னும் தொப்பியாக ஒட்டியிருந்தது. தொப்பிக்கு அடியில் பச்சையாக ஒரு கீற்று.

"நுனி தெரியுதா?"

"இன்னும் இல்ல. தொடாதக்கா, அதுவே கழட்டிக்கும்."

இருவர் நெற்றியும் முட்டிக்கொண்டன. கறுப்புத் தொப்பி மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்தது.