எல்லோரும் பாராட்டிய உடம்பு

வீட்டில் அவளைப் பெரியவள் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பெண்களில் மூத்தவள் என்பதால் வந்த பெயர். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டவர்கள் அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்க்காமல் இருந்ததில்லை. "பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க, இல்ல?" என்று அவளே முந்திக்கொள்வாள். அதற்குமேல் அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது.

கடைவீதியின் நடுவே இருந்த ஒரு பெரிய துணிக்கடையில் அவளுக்கு வேலை. மேல்மாடியில் கிடங்குக்கும் கழிப்பறைக்கும் இடையே ஒரு மூலை. அதற்குப் பெயர் 'பெரிய அளவு'. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே கறுப்பும் கருநீலமும் மண்நிறமும்தான் தொங்கிக்கொண்டிருந்தன. சின்ன உடம்புக்கு வெட்டியதையே நாலாபக்கமும் இழுத்துப் பெரிதாக்கியது போன்ற தையல். தோள் முழங்கை வரை இறங்கும், அக்குள் மட்டும் இறுக்கிப் பிடிக்கும். வாங்க வருகிறவர்கள் ஏதோ தப்புச் செய்ய வந்ததுபோல வந்து, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விடுவார்கள்.

அந்த மூலையில் பெரியவள் எலுமிச்சை மஞ்சள் சட்டையும் இலைப்பச்சை மடிப்புப் பாவாடையுமாக நின்றாள். சட்டையை உள்ளே செருகி, இடுப்பில் கையகலத்துக்கு ஒரு பெல்ட். அடுத்த நாள் குறுக்குக்கோடு போட்ட நீள கவுன், அதன்மேல் செங்கல் நிறக் கோட்டு.

"குண்டா இருக்கவங்க குறுக்குக்கோடு போடக்கூடாதும்மா, இன்னும் அகலமா தெரியும்" என்று மேலாளர் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"நேர்க்கோடு போட்டுட்டு வந்தா என்னை ஒல்லின்னு நம்பிடுவீங்களா சார்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்கத்தான் வேண்டுமென்றால் போர்வை போதுமே, துணிக்கடை எதற்கு என்பது அவள் கட்சி. மூலைக்குச் சிவப்பும் மஞ்சளும் வரவழைக்க அவரை நச்சரித்தே சாதித்தாள். விற்பனை கூடியதும் அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஒருநாள் பள்ளி ஆசிரியை ஒருத்தி உடை மாற்றும் அறைக்குள் போனவள் வெளியே வரவே இல்லை. உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பெரியவள் கதவோரமாகப் போய் நின்றாள்.

"ஜிப்பு பாதியில நின்னுடுச்சா?"

"ம்."

"அந்தத் துணி உங்களுக்குச் சரியில்ல. அவ்வளவுதான். நீங்க துணிக்குச் சரியில்லைன்னு நினைச்சுக்காதீங்க. வேற தரேன். தோள் மட்டும் சரியா உக்காரட்டும், மத்ததெல்லாம் தானா உக்காரும்."

அரைமணி கழித்து அந்த ஆசிரியை கருஞ்சிவப்புக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாகக் கண்ணாடி முன் நின்று, இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பெரியவள் தன் கழுத்தில் கிடந்த நீலத்துண்டைக் கழற்றி அவள் தோளில் போட்டுவிட்டு, "இப்ப போங்க, ஊரே வழிவிடும்" என்றாள். அதிலிருந்து அந்த ஆசிரியை வேறெங்கும் துணி வாங்குவதில்லை. அவளைப் போல இன்னும் பலர் இருந்தார்கள். உடை போட்டுப் பார்த்ததும் பெரியவளையும் பக்கத்தில் இழுத்து வைத்துக் கண்ணாடியில் ஒரு படம் எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார்கள்.

அம்மா ஒருத்திதான் மசியவில்லை. சின்ன வயதிலிருந்தே பெரியவளின் தட்டில் இரண்டாம் தடவை எதுவும் விழாமல் பார்த்துக்கொண்டவள். முப்பத்தைந்து வயதிலும் "போதும், எழுந்திரு" என்று தட்டை எடுத்துவிடுவாள். சின்னவள் எலும்பும் தோலுமாக இருப்பாள். அவளுக்கு எந்தத் தடையும் கிடையாது. அம்மாவுக்குப் பெரியவள்மேல் பாசம் இல்லாமல் இல்லை. நாலுபேர் பார்க்க இந்தப் பெண்ணோடு தெருவில் நடந்துபோவதுதான் அவளுக்கு முடியாத காரியம்.

மழைக்காலம் தொடங்கியபோது பெரியவளுக்கு அடிவயிற்றில் வலி வந்தது. கொஞ்சம் சாப்பிட்டாலும் வயிறு கல் மாதிரி ஆகிவிடும். தெருமுனையில் இருந்த டாக்டரிடம் போனாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எடைக் கருவியைக் கைகாட்டினார். முள்ளைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இவ்வளவு எடையை வச்சுக்கிட்டு வலிக்குதுன்னா எப்படிம்மா? முதல்ல இதைக் குறைங்க. எல்லாம் சரியாயிடும்."

"வயித்துல ஏதோ கட்டி மாதிரி தட்டுப்படுது டாக்டர்."

"அது கொழுப்பு" என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டாள். இந்த மாதிரிப் பேச்சு அவளுக்குப் பழகிப்போனதுதான். வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

பிறகு அவள் இளைக்க ஆரம்பித்தாள்.

முதலில் பெல்ட்டில் ஒரு துளை கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. பிறகு கோட்டின் தோள் இறங்கியது. கவுன்களைப் பிடித்துத் தைத்தாள். அடுத்த மாதமே அவை மறுபடி தொளதொளத்தன. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது.

பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். எதிர்வீட்டுக்காரி கையைப் பிடித்துக் குலுக்கினாள். கடையில் இதுவரை முகம் கொடுத்துப் பேசாத விற்பனைப் பெண்கள் சுற்றி நின்று, என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு நடக்கிறாய் என்று கேட்டார்கள். அம்மா பூரித்துப்போனாள். தன் கைப்பேசியில் அவளை நிற்கவைத்தும் உட்காரவைத்தும் படமெடுத்து உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். கடைக்குப் போய்ச் சின்ன அளவில் அடக்கமான நிறத்தில் நாலைந்து உடைகள் வாங்கிவந்து கட்டிலில் பரப்பினாள். பெரியவளுக்கென்று அம்மா ஆசையாகத் துணி வாங்கியது அதுதான் முதல்முறை.

"போட்டுக் காட்டுடி, கண்ணு நிறைய பாக்கறேன்."

போட்டுக் காட்டினாள். அம்மா அவள் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள்.

அன்று சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பெரியவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாரும் வாழ்த்து சொல்றாங்க. எனக்கு மட்டும் வீட்டுல திருடு போன மாதிரி இருக்குடி. தினமும் கொஞ்சம் கொஞ்சமா எவனோ எடுத்துக்கிட்டுப் போறான்."

"இளைச்சா நல்லதுதானேக்கா" என்றாள் சின்னவள். மடித்ததையே உதறி மறுபடி மடித்தாள்.

டாக்டரிடம் மறுபடி போனபோது அவரே எழுந்து வந்து வரவேற்றார். "பரவாயில்லையே! சொன்ன பேச்சு கேட்டிருக்கீங்களே!"

"நான் எதுவுமே பண்ணல டாக்டர். சாப்பாடு இறங்க மாட்டேங்குது. வலி அப்படியேதான் இருக்கு."

"வயிறு சுருங்குதும்மா, அப்படித்தான் இருக்கும். இப்படியே விடாம குறைச்சுக்கிட்டு வாங்க."

கடையில் மேலாளர் அவளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார். வாசலுக்கு நேர் எதிரே, கண்ணாடி விளக்குகளின் கீழே. வருடக்கணக்காக அவள் கேட்டும் கிடைக்காத இடம். "இப்ப உங்களுக்குப் பொருத்தமா இருக்கும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

அங்கேதான் அந்த ஆசிரியை அவளைப் பார்த்தாள். முதலில் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனவள், திரும்பி வந்தாள். முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"நீங்களுமா?" என்றாள்.

பெரியவள் சிரிக்கப் பார்த்தாள்.

"இல்ல, உங்க இஷ்டம். தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா நீங்க சொன்னதை நம்பித்தான் நான் என் கண்ணாடியைத் திரும்பப் பாக்க ஆரம்பிச்சேன். கடைசியில நீங்களும் கிடைச்ச வழியில தப்பிச்சுட்டீங்க."

பெரியவள் கல்லாமேடையைப் பிடித்துக்கொண்டாள். "நான் எங்கயும் போகலைங்க. எனக்கு என்னவோ ஆகுது" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. ஆசிரியையின் முகம் மாறியது. அன்றே, அந்த நிமிஷமே, அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே இருந்த பெண் டாக்டர் அவளைப் படுக்கவைத்து வயிற்றில் கைவைத்து அழுத்தினார். அழுத்திய கை ஓரிடத்தில் நின்றுவிட்டது. இத்தனை மாதத்தில் ஒரு டாக்டரின் கை அந்த வயிற்றில் படுவது அதுதான் முதல் தடவை.

ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பையில் தொடங்கிய புற்றுநோய் குடலுக்கும் ஈரலுக்கும் போயிருந்தது.

"இவ்வளவு நாள் விட்டுட்டீங்களே. முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார் டாக்டர்.

"வந்தேனே" என்றாள் பெரியவள்.

ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு சின்னவள் தெருமுனை டாக்டரிடம் போனாள். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி அறியாதவள். அவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அந்த எடைக்கு இதெல்லாம் கண்டுபிடிக்கறது கஷ்டம்மா" என்றார்.

"நீங்க தேடவே இல்லையே சார். தேடினாத்தானே கஷ்டமா சுலபமான்னு தெரியும்?"

அவர் மணியை அடித்து அடுத்தவரை உள்ளே வரச் சொன்னார். சின்னவள் கதவை மறித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். யாரோ அவளைப் பின்னாலிருந்து மெல்ல நகர்த்தி வழிவிட வைத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

வீட்டில் அம்மா அடுப்பை அணைப்பதே இல்லை. காலையில் ஒன்று, கொஞ்சநேரம் கழித்து இன்னொன்று என்று கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கட்டிலருகே வந்து நிற்பாள். "ஒரே ஒரு வாய் வாங்கிக்கடி. அம்மாவுக்காக." பெரியவள் வாயைத் திறப்பாள், உள்ளே போனது அப்படியே வெளியே வரும். அம்மா துடைத்துவிட்டு, மறுபடி கரண்டியை நீட்டுவாள். ஒருமுறை பெரியவள் அந்தக் கையைப் பிடித்து, "போதும், எழுந்திரும்மா" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். அம்மா கிண்ணத்தோடு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

உட்கார முடிந்த நாட்களில் பெரியவள் அலமாரியைத் திறக்கச் சொல்வாள். எதிர்க்கட்டிலில் தன் உடைகளைச் சின்னவளைப் பரப்பச் சொல்லி, எதன்மேல் எது என்று ஜோடி சேர்ப்பாள். "அந்த ஆரஞ்சுக்கு வெள்ளை வேண்டாம், செத்துப்போயிடும். ஊதா எடு. கையை அரைவாசி மடிச்சு விடு. ஆங், இப்ப அதுக்கு உயிர் வந்துடுச்சு." மெத்தைமேல் ஆளில்லாத உடை கைகளை விரித்துக் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவாள்.

ஒருநாள் தூங்காமல் கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அம்மா வாங்கின அந்தச் சின்னத் துணியில என்னைப் போட்டு அனுப்பிடாதடி. அது நானில்ல. அது என்னைத் தின்ன நோயோட அளவு."

"அப்படியெல்லாம் பேசாதக்கா."

"பேசலைன்னா எப்படித் தெரியும் உனக்கு? அந்தச் சிவப்பு வெல்வெட் கவுன். அதுக்கு மேல தங்கநிற பெல்ட். காதுக்குப் பெருசா ஏதாவது."

மழை விட்ட ஒரு பகலில் அவள் போய்விட்டாள்.

உடை மாற்ற வேண்டிய நேரத்தில் சின்னவள் சிவப்பு கவுனை எடுத்துவந்தாள். அம்மாவின் தங்கை, பெண்களுக்குச் சித்தி, அதை இரண்டு கைகளிலும் பிடித்து விரித்துப் பார்த்தாள். அதில் மூன்று பேர் நுழையலாம் போலிருந்தது.

"என்னடி இது? பந்தல் மாதிரி இருக்கு. வர்றவங்க பாத்தா என்ன நினைப்பாங்க? அக்கா வாங்கினது அளவா இருக்குமே, அதை எடு. பாவம், கடைசி காலத்துலதான் கொஞ்சம் லட்சணமா ஆனா."

சுவரோரம் சாய்ந்திருந்த அம்மா கையை ஊன்றி எழுந்து வந்தாள். தங்கையின் கையிலிருந்த கவுனை வாங்கிக்கொண்டாள்.

"அவ அளவு இதுதான்" என்றாள். "பிடிச்சு ஊக்குக் குத்தாதீங்க. அப்படியே போடுங்க."

அப்படியே போட்டார்கள். துணி இரண்டு பக்கமும் மடிந்து வழிந்தது. பெல்ட் நிற்கவில்லை; மேலே சும்மா வைத்தார்கள். வந்தவர்களில் சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். சிலர், எவ்வளவு அழகாக இளைத்திருந்தாள், அதற்குள் இப்படியா என்றார்கள். அம்மா நழுவிய பெல்ட்டை எடுத்து மறுபடி மேலே வைத்தாள்.

பிறகு கூடத்தில் மாட்ட ஒரு படம் தேவைப்பட்டது. அம்மாவின் கைப்பேசியில் பெரியவளின் படங்கள் நிறைய இருந்தன. எல்லாம் இளைக்கத் தொடங்கிய பிறகு எடுத்தவை. அதற்கு முந்தைய ஒன்றுகூட இல்லை. அம்மா மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினாள். பிறகு ஒவ்வொன்றாக அழித்தாள். சின்னவள் தடுக்கவில்லை.

ஆசிரியையிடம் சின்னவள் கேட்டாள். அவள் தன்னிடம் இருந்ததை அனுப்பியதோடு தெரிந்தவர்களிடமும் சொன்னாள். இரண்டு மூன்று நாட்களுக்குச் சின்னவளின் கைப்பேசியில் படங்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் அந்த மேல்மாடிக் கண்ணாடி முன் எடுத்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு புதுப் பெண்ணின் தோளில் கைபோட்டுக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு பெரியவள். மஞ்சளில், பச்சையில், பெரிய பெரிய பூப்போட்ட கால்சட்டையில்.

அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இந்தப் பூப்போட்டது எப்ப வாங்கினா? இதை நான் பாத்ததே இல்லையே. கடையில போய் மாத்திக்குவாளா?"

"இல்லம்மா" என்றாள் சின்னவள். "வீட்டுல இருந்தேதான் போட்டுக்கிட்டுப் போவா. போயிட்டு வரேன்னு உங்கிட்ட சொல்லிட்டுத்தான் போவா."

அம்மா அடுத்த படத்துக்குத் தள்ளினாள்.