நுரை அடங்குவதற்குள்

இந்தத் தடவையும் பால் உள்ளே இறங்கவில்லை. கடைவாயில் வழிந்து காதுக்குப் போனதைத் தவசி துண்டின் நுனியால் துடைத்தார். கட்டிலில் கிடந்த மனைவி சோணையம்மாளின் நெஞ்சு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இனி வைத்தியம் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ராமநாதபுரத்தில் சொல்லி அனுப்பியதிலிருந்து இதே கூத்துதான். விடிந்தால் போய்விடும் என்கிறார்கள், வெயில் தாழ்ந்தால் போய்விடும் என்கிறார்கள். போகவில்லை. பார்க்க வந்த சனமும் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே இருக்கிறது.

"மனசுல என்னமோ ஆசைய வச்சுக்கிட்டுத்தாண்ணே இழுத்துக்கிட்டுக் கெடக்கு," என்றான் தம்பி முனீஸ்வரன். "அது தீந்தாத்தான் உசுரு அடங்கும்."

"வயக்காட்டு மண்ணக் கரைச்சு ஊத்தியாச்சு. தங்கத்த உரசி ஊத்தியாச்சு. ராமேஸ்வரத்துத் தீர்த்தமும் ஊத்தியாச்சு. இன்னும் என்னத்தடா ஊத்தச் சொல்ற, கண்மாயவா?"

"மதினிக்கு என்ன புடிக்கும்னு ஒனக்குத் தெரியாதா?"

நாற்பது வருசத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? "கருப்பட்டிக் காப்பி," என்றார் தவசி. காப்பி வந்தது. அதுவும் காதுக்குத்தான் போனது. "எளநி," என்றார். இளநீரும் அதே வழிதான் போனது. அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றாதது அவருக்கே கோபமாக இருந்தது.

கட்டிலைச் சுற்றி மூன்று பேர் இருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள் நாகஜோதி, பக்கத்து வீட்டு துர்காதேவி, கீழக்கரையிலிருந்து மாதம் ஒரு தடவை சேலை கொண்டுவந்து விற்கிற மெஹருன்னிசா. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதைத் தவசி கவனித்துவிட்டார். இப்படிப் பார்த்துக்கொள்கிறவர்களை அவர் எப்போதும் நம்பியதில்லை.

"என்ன, கண்ணாலயே பேசிக்கிறீக?"

நாகஜோதி எழுந்தாள். "அய்யா, அம்மாவுக்கு வேற ஒண்ணு புடிக்கும். ஃப்ரிட்ஜ்ல இருக்கு."

கொண்டுவந்தாள். கரும்பச்சையில் கனத்த பாட்டில், கழுத்தில் தங்கக் காகிதம்.

"சாராயமா?"

"ஒயினு, அய்யா. நுரைக்கிற ஒயினு."

"யாரு குடிக்கிறது?"

"அம்மாதான்."

கண் ஆபரேஷனுக்காகச் சோணையம்மாள் மகள் வீட்டில் போய்த் தங்கியிருந்தபோது நடந்தது அது. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள், எல்லோருக்கும் ஊற்றினார்கள், அவளுக்கும் அரைக் கிளாஸ் கொடுத்தார்கள். குடித்துவிட்டு ஏப்பம் விட்டாள். பிறகு இன்னும் அரைக் கிளாஸ் கேட்டாள். அதிலிருந்து நாகஜோதி லீவுக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் சேலைக்கு நடுவே இரண்டு பாட்டில் வந்தது. தனியாக ஒரு நாளும் சோணையம்மாள் அதைத் தொட்டதில்லை. ஆள் கூப்பிட்டு, உட்காரவைத்து, ஊற்றிக் கொடுத்துத்தான் குடிப்பாள்.

"என் வீட்டுக்குள்ளயா? நான் எங்கன போயிருந்தேன்?"

"கண்மாய்க் கூட்டத்துக்கு," என்றாள் துர்காதேவி. "மடை தொறக்கிற சண்டைக்கு நீங்க கெளம்புனா திரும்பி வர எப்படியும் பொழுது சாஞ்சிரும்ல மச்சான். அன்னைக்குத்தான் அக்கா எங்களக் கூப்புடும்."

"ஊரே குடிச்சிருக்கீக."

"நான் குடிக்கலண்ணே, அல்லாவுக்குத் தெரியும்," என்றாள் மெஹருன்னிசா. "எனக்குன்னு பன்னீர் சோடா வாங்கி வச்சிருப்பா. நான் சும்மா பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

"பாத்தத எங்கிட்ட வந்து சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா அடுத்த தடவ சோடா கெடைக்காதேண்ணே."

முனீஸ்வரனுக்கு வழி கிடைத்துவிட்டது. இடுப்பிலிருந்து ஒரு குவாட்டரை எடுத்தான். "ஆசை இதுதானா? அதுக்கு எதுக்கு அந்தப் பெரிய பாட்டில ஒடைக்கணும்? இதுல ஒரு சொட்டு நாக்குல வச்சாப் போதும். எல்லாம் ஒண்ணுதான்."

"அந்தக் கருமத்த அக்கா வாயில ஊத்துன, கைய ஒடிச்சிருவேன்!" துர்காதேவி பாய்ந்தாள். "ஒயின்லயே இனிக்கிறது வேணாங்கும். நெத்திலி வறுவலுக்கு இனிப்பு எடுபடாது, இனிப்பே இல்லாததா வாங்கிட்டு வான்னு போன்ல சொல்லிச் சொல்லி வாங்கும். நீ பிராந்திய நீட்டுற."

"ஒரு தடவ நான் மாத்தி வாங்கிட்டேன்," என்றாள் நாகஜோதி. "அத அப்படியே திருப்பி என் பெட்டியிலயே வச்சிட்டாக."

தவசி கட்டிலைப் பார்த்தார். அவர் எடுத்துக் கொடுத்த சேலையை எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று கட்டிக்கொண்டவள். குழம்பில் உப்பில்லை என்று அவர் சொன்னால் இவளும் உப்பில்லை என்பாள், உப்பு கூட என்றால் இவளும் கூட என்பாள். இவளா ஒன்றை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாள்?

"கொண்டா. ஊத்தித் தொலைவோம்," என்று பாட்டிலைப் பிடுங்கினார். கழுத்துக் காகிதத்தைக் கிழித்து, அதற்கடியில் இருந்த கம்பியை முறுக்கி, வராத கோபத்தை வரவழைத்துக்கொண்டு ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"ஆட்டாதீக!" மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"பாட்டிலுக்கு இம்புட்டு மரியாதையா?"

"கொஞ்ச நேரம் கீழ வச்சிட்டுத் தொறங்க அய்யா. இல்லன்னா எல்லாம் சீறி வெளியில போயிரும்."

சாகக் கிடக்கிறவளுக்கு முன்னால் ஒரு பாட்டில் அடங்குவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். தவசிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு நாகஜோதி சொல்லச் சொல்லச் செய்தார். துண்டைப் போட்டு மூடி, தக்கையை அசையாமல் பிடித்துக்கொண்டு, பாட்டிலை மட்டும் மெல்லத் திருப்ப வேண்டுமாம்.

"டப்புன்னு சத்தம் வந்தா அக்காவுக்குப் புடிக்காது," என்றாள் துர்காதேவி. "தெருவுக்குக் கேட்டுருமாம்."

சத்தம் வரவில்லை. பெருமூச்சு மாதிரி ஒன்று மட்டும் வந்தது. உள்ளங்கையில் தக்கை நின்றது.

கரண்டியில் கொஞ்சம் ஊற்றி உதட்டில் வைத்தார். நுரைத்தது. காதுப் பக்கம் வழியும் என்று இடது கையில் துண்டைத் தயாராக வைத்திருந்தார். வழியவில்லை. தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். இரண்டாவது கரண்டிக்கு நாக்கு நுனி வெளியே வந்து கீழ் உதட்டைத் தடவியது.

"பாலுக்குத் தொறக்காத வாயப் பாரு," என்றார் தவசி.

மூன்றாவதையும் குடித்தாள். நாலாவது கரண்டியை ஏந்திக்கொண்டு, நெஞ்சு இறங்கட்டும் என்று காத்திருந்தார். இறங்கியது. மறுபடி ஏறவில்லை. கரண்டிக்குள் மட்டும் சின்னக் குமிழிகள் கிளம்பிக்கொண்டிருந்தன.

முனீஸ்வரன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். துர்காதேவி அழ வாயைத் திறந்தாள். தவசி கையைத் தூக்கினார்.

"இரு. தொறந்த பாட்டில என்ன செய்யிறது?"

மெஹருன்னிசாதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "வச்சிருந்தா சப்புன்னு போயிரும்ணே. தொறந்தா அன்னைக்கே வந்தவங்களுக்கு ஊத்தித் தீத்துரணும்னு சொல்லுவா. மிச்சம் வைக்க மாட்டா."

தவசி இன்னும் கொஞ்ச நேரம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "கிளாஸ் எங்கன இருக்கு?"

அது துர்காதேவிக்குத் தெரிந்திருந்தது. அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து பழைய பாவாடையில் சுற்றிய உயரமான கிளாஸ்களை எடுத்து வந்தாள். தன் வீட்டில் இப்படிக் கிளாஸ்கள் இருப்பதே தவசிக்குத் தெரியாது. ஒன்றில் ஊற்றினார். நுரை பொங்கி விரலில் வழிந்தது.

"சாய்ச்சுப் புடிச்சு ஊத்துங்க மச்சான்," என்றாள் துர்காதேவி அழுகையை அடக்கிக்கொண்டு. "கிளாஸ் ஓரமா. மெல்ல."

சாய்த்து ஊற்றினார். அவளுக்கு ஒன்று. மகளுக்கு ஒன்று. மெஹருன்னிசா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுச் சோணையம்மாளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முனீஸ்வரன் கையை நீட்டினான்.

"ஒன்னயக் கூப்புட்டாளா அவ?" என்றார் தவசி.

பெண்கள் இருவரும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"குடிங்க. சப்புன்னு போயிரும்னு சொன்னீகள்ல."

வாசலில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. உள்ளே சத்தமே இல்லாததில் யாருக்கோ சந்தேகம் வந்திருக்க வேண்டும். காலடி நெருங்கியது. தவசி எட்டுவைத்துப் போய்க் கதவைச் சாத்தி அதன் மேல் முதுகைக் கொடுத்து நின்றார்.

"என்ன தவசி, ஆயிருச்சா?"

"இன்னும் இல்ல," என்றார். "பொறுங்க."

துர்காதேவி மூக்கைச் சிந்திவிட்டு இன்னொரு மடக்குக் குடித்தாள்.