வலது பக்கத்து ஹோஸ்

"சாவி எங்கம்மா?" மூன்றாவது முறையாகக் கேட்டார் பஸ்காரர்.

அவள், பெஞ்சில் கிடத்தியிருந்த கணவனின் உடலருகே, கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். வண்டிச் சாவி அவள் கைக்குள்தான் இருந்தது. இறுக்கிப் பிடித்ததில் அதன் பற்கள் உள்ளங்கையில் பதிந்துவிட்டன.

பஸ்காரர் அவள் கணவனின் அண்ணன். இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். வீட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை.

"பதினோரு மணிக்கு எடுக்கணும். ஆசை ஆசையா ஒசத்தின வண்டி. அதுலதான் போகணும் என் தம்பி. வாடகை வண்டில போறதுக்கு அவன் என்ன நாதியத்தவனா?"

"அந்த வண்டி வேணாம் மாமா."

"ஏன்?"

"பிரேக் வேலை இன்னும் முடியல."

ஓரகத்தி அவள் தோளில் கை வைத்தாள். "அவளை ஏங்க கேள்வி கேக்குறீங்க? நேத்துலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. என்ன பேசுறோம்னு அவளுக்கே தெரியல."

ஓரகத்தியே அவள் விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

ஜன்னல் வழியாக வண்டி தெரிந்தது. முன்பு ஜன்னல் கட்டைக்குக் கீழே நின்ற அதன் மூக்கு இப்போது கம்பிகளுக்கு நேராக நின்றது. நான்கு அங்குலம் உயர்ந்திருந்தது.

மேட்டு வீடுகளுக்கு சிமெண்டும் ஓடும் ஏற்றிப் போவது அவள் கணவனின் தொழில். மழை அரித்த பாதையில் ஒவ்வொரு நடைக்கும் வண்டியின் அடிவயிறு கல்லில் உரசும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்க வசதியில்லை. அதனால் பழைய இரும்புக் கிடங்கில் நொறுங்கிக் கிடந்த ஒரு நாலுசக்கர இழுவை வண்டியிலிருந்து, அதே மாடல்தான், முன் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கும் கழற்றி வந்து தன் வண்டிக்கு மாட்டினான். இழுப்பது என்னவோ பழையபடி பின் சக்கரங்கள் மட்டும்தான். நிற்பது மட்டும் பெரிய வண்டி போல.

"வண்டிக்கு ஹை ஹீல்ஸ் மாட்டிருக்கான்டா!" என்று பஸ்காரர் அப்போது ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

"சேத்துல நடக்கிறப்ப வேட்டியைத் தூக்கிக் கட்டுறதில்லையா? அவ்வளவுதாண்ணே," என்றான் அவன்.

அவன் மாட்டும்போது டார்ச் பிடித்தவள் அவள். எந்தப் போல்ட் எதற்கு என்பது அவளுக்குத் தெரியும். உயரம் கூடினால் சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாயான ஹோஸும் நீளமாக வேண்டும் என்பதும் தெரியும். கிடங்கு வண்டியின் இடது ஹோஸ் நன்றாக இருந்தது. வலது ஹோஸ் வெடித்திருந்தது. புதிதுக்குச் சொல்லிவிட்டு, வண்டியை வாசலில் நகர்த்துவதற்காகப் பழைய குட்டை ஹோஸையே தற்காலிகமாக மாட்டி வைத்தான். மறுநாள்தான் அவனுக்கு முதல் நெஞ்சுவலி வந்தது.

புது ஹோஸ் தையல் மெஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில் இருந்தது. ஒன்பது நாளாக. அது அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

வெளியே இன்ஜின் உறுமியது. பஸ்காரர் வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். வாசலில் சடாரென்று பிரேக் அடித்தார். வண்டி ஒரு முறை தலையாட்டி நின்றது.

"பிரேக் ஜம்முனு இருக்கு!" என்று உரக்கச் சொன்னார். "பின்னாடி ஒரு ஆறு பேர் ஏறிக்கலாம்."

அவள் எழுந்தாள். ஓரகத்தி முந்தானையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல் வாசலுக்கு வந்தாள். அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நேரா போனா நிக்கும் மாமா. சுடுகாட்டுக்குப் போற இறக்கத்து வளைவுல பள்ளம் இருக்குல்ல, வலது சக்கரம் அதுல தொங்கும். அப்ப ஹோஸ் நீளம் பத்தாது. பிச்சுக்கும்."

"பஸ் ஓட்டுறவனுக்கு நீ பிரேக் சொல்லித் தரியா?"

"ஜாக்கி போட்டுப் பாருங்க."

"உள்ள புருஷன் கெடக்கான்," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"ஜாக்கி போடுங்க மாமா," என்றாள் மறுபடி. அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

அவர் சலிப்போடு போட்டார். வண்டியின் சட்டம் உயர உயர, வலது சக்கரம் தரையை விட்டு விலகித் தொங்கியது. அவள் வண்டி ஜன்னல் வழியாகக் கைவிட்டு ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பினாள். பஸ்காரர் குனிந்து பார்த்தார்.

ஹோஸ் வில்லில் ஏற்றிய நாண் போல விறைத்திருந்தது. இரும்பு முனையோடு சேரும் இடத்தில் ரப்பர் வெளுத்து, குறுக்கே வாய் பிளந்திருந்தது. அவர் அதை விரலால் தொட்டார். கையை உடனே எடுத்துக்கொண்டார்.

 எழுந்தபோது முகம் சிவந்திருந்தது. வாசலில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, உதிரிபாகக் கடைக்காரரிடம் வந்து நின்றார்.

"உம்ம கடைலதானே சொல்லி வச்சிருந்தான்?"

கடைக்காரர் தலையசைத்தார்.

"முந்தாநாள்கூட போன்ல பொலம்பினான்யா. 'கடைக்காரரு இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தடிக்கிறாரு, அந்த ஒரு ஹோஸுக்காக வண்டி நிக்குதுண்ணே'ன்னான். இவ்வளவு ஒசத்திட்டு, ஒரு தடவை மேட்டுல ஏத்திப் பார்க்காமயே போய்ச் சேர்ந்துட்டான். உம்மாலதான்யா!"

கடைக்காரர் அவளைப் பார்த்தார். கவுண்டருக்கு இந்தப்பக்கம் நின்று, ஹோஸைப் பையில் போட்டுக் கொடுங்கள் என்று அவள் கேட்டதை அவர் மறந்திருக்க முடியாது. வாய் திறந்தார். பிறகு பார்வையைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்புதாங்க," என்றார்.

"தப்புன்னா? போன உசுரு திரும்பி வந்து ஓட்டுமா?"

வேறு வண்டிக்குச் சொல்லிவிடலாம். இதோடு முடிந்துவிடும். கடைக்காரர் காட்டிக்கொடுக்க மாட்டார். அவள் அப்படித்தான் நினைத்தாள். நினைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

இழுப்பறை எப்போதும் போலச் சிக்கியது. இரண்டு கையாலும் இழுத்தாள். நூல்கண்டு ஒன்று உருண்டு அவன் படுத்திருந்த பெஞ்சுக்கு அடியில் போனது. எடுக்கவில்லை.

வாசலுக்கு வந்து, பிரிக்காத பாலிதீன் உறையோடு ஹோஸை நீட்டினாள்.

"அவரை ஏசாதீங்க மாமா. நான் அன்னைக்கே வாங்கிட்டு வந்துட்டேன்."

பஸ்காரருக்குப் புரியவில்லை. உறையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டாக்டர் ஒரு மாசத்துக்கு எதையும் தூக்கக் கூடாதுன்னாரு. இது கைக்கு வந்தா அடுத்த நிமிஷம் வண்டிக்கு அடியில போய்ப் படுத்துடுவாரு. அதான் ஒளிச்சு வச்சேன். தினமும் கேட்டாரு. வரலன்னு சொன்னேன்."

"எத்தனை நாளா?"

"ஒம்போது."

ஓரகத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"என் தம்பியை ஒம்போது நாள் காக்க வச்சிருக்க," என்றார் பஸ்காரர். குரல் உயரவில்லை.

 நேற்று விடியற்காலையில் தண்ணீர் கேட்பதற்கு முன் அவன் கேட்டதும் ஹோஸ் வந்துவிட்டதா என்றுதான். அதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் முடிவு செய்தாள்.

அவர் உறையைப் பல்லால் கிழித்தார். வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கடைக்காரர் கையில் கொடுத்தார். கடைக்காரர் அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கேட்காமலே சரியான ஸ்பானரை எடுத்து நீட்டினார்.

பத்தரைக்குள் ஹோஸ் ஏறிவிட்டது. ஆயிலும் ஊற்றியாயிற்று. இனி உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு மேலே ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். இரண்டு மூன்று பேர் முன்வந்தார்கள்.

"நீங்க இருங்கப்பா," என்றது வண்டிக்கு அடியிலிருந்து பஸ்காரரின் குரல். "அந்தப் புள்ள ஏறட்டும்."

ஏறுவது அவளுக்கு எளிதாக இல்லை. கதவுக் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்க வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் எதிர்வீட்டு மதில் கீழே போய்விட்டது. அதற்கு அப்பால், பாதை மேட்டு வீடுகள் வரை வளைந்து வளைந்து போவது முழுதாகத் தெரிந்தது.

"மிதி."

மிதித்தாள். கால் பொதுக்கென்று அடிவரை போனது.

"விடு. மிதி. பிடிச்சுக்க."

கீழே காற்று கொப்பளிக்கும் சத்தம். மறுபடி மிதித்தாள்.  ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ ஒன்று அடியிலிருந்து எதிர்த்து வந்தது. பிறகு கால் பாதியிலேயே உறுதியாக நின்றது.

"போதும். காலை எடு."

அவள் எடுக்கவில்லை.

அவர் இன்னொரு முறை சொல்லவில்லை. வண்டிக்கு அடியில் அவர் ஸ்பானரைத் துணியால் துடைக்கும் சத்தம் கேட்டது. துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார்.