பூஜ்ய முனை

கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே இருந்த பதினோரு அடி, சர்வேயர் வழியை மறந்த திங்கட்கிழமை நாற்பது அடியானது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ஊசி குத்திவிட்டு வந்த மகள், முதலில் தன் களைப்பு என்று நினைத்தாள். பிறகு அப்பாவின் நூறடி டேப்பை எடுத்து அளந்தாள். நாற்பது அடி, மூன்று அங்குலம். சமையலறை எங்கே என்று அவர் கேட்ட நாளிலிருந்து, அங்கே போட்ட சோறு ஆறிப்போய்த்தான் அவரிடம் சேர்ந்தது. நடுவழியில் அவள் ஒரு முக்காலி போட்டாள். பிறகு முக்காலியில் தண்ணீர் வைத்தாள். வெளியே வீடு பழைய இருபதுக்கு முப்பதுதான். நகராட்சிப் பொறியாளர் வந்து பார்த்து, உள்ளளவு வெளியளவை விட அதிகம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சர்வேயர் முப்பத்திரண்டு வருஷம் ஊரை அளந்தவர். அடிக்கோல் என்று ஊரில் பெயர். பள்ளி விடுமுறைகளில் டேப்பின் பூஜ்ய முனையைப் பிடித்தவள் மகள். அந்த முனையில் பித்தளை வளையம் இருக்கும். அதைத் தரையோடு அழுத்திக்கொண்டு உட்கார வேண்டும். எதிர்முனையிலிருந்து ‘சரி’ என்று குரல் வந்த பிறகுதான் எழுந்து, குரல் இருக்கும் இடத்துக்குப் போகலாம். “நீ அசைஞ்சா ஊரே கோணலாயிடும்” என்பார்.

அண்ணன் மாதம் ஒருமுறை வந்தான். வாசலிலிருந்து அப்பாவின் அறைக்கு நடந்து, மூச்சு வாங்க உட்கார்ந்தான்.

“முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம். நான் மட்டும் பார்த்துக்க மாட்டேன்னா சொல்றேன்? என் வீடு சின்னது.”

“கூட்டிட்டுப் போண்ணா. ஒரே வாரத்துல பெருசாயிடும்.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தன் கை ஓயும்வரை அப்பா இங்கேதான் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். கைக்கு முன்னால் கால் ஓயும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் விழுந்த சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடினாள். போய்ச் சேர இருபத்தைந்து நிமிஷமாயிற்று. அவர் நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. அன்று மாலை அண்ணனுக்குப் போன் செய்து சம்மதம் என்றாள். “கூப்பிடு தூரம்தானே” என்றான் அவன். இல்லம் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

இல்லத்தில் அவர் அவள் கையை விடவில்லை. மேட்ரன் ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள். விரல்கள் மறுபடி மூடிக்கொண்டன. மகள் பையிலிருந்து டேப்பை எடுத்து, வளையத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“அப்பா, பூஜ்யம் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்க.”

அவர் முகம் தெளிந்தது. கட்டிலில் உட்கார்ந்து வளையத்தைச் சுவரோடு அழுத்தினார்.

“எந்தப் பக்கம் போறே?”

“வீட்டுப் பக்கம்பா.”

“தொய்ய விடாதே.”

அவள் டேப்பை விட்டுக்கொண்டே நடந்தாள். இல்லத்தின் வாசலில் நூறடி முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வீட்டுச் சமையலறைக்குள் வந்து நின்றபோது எண்ணூற்றுப் பன்னிரண்டு காட்டியது. அங்கிருந்து ‘சரி’ என்று சொல்லியிருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும். கேட்டிருந்தால் எழுந்து வந்திருப்பார். அவள் சொல்லவில்லை. டேப்பின் தோல் உறையை அலமாரியில் வைத்து, முகம் கழுவிக்கொண்டாள்.

மறுநாள் கழிவறை பதினோரு அடிக்குத் திரும்பியிருந்தது. அதற்குப் பதில் தெரு நீண்டது. முதல் ஞாயிறு இல்லத்துக்குப் பத்து நிமிஷம். ஆறாம் மாதம் அரை நாள். இரண்டாம் வருஷம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு அது இரண்டு தெருதான். அவர்கள் டேப்பைக் காலைத் தூக்கித் தாண்டப் பழகினார்கள். சாலை போட வந்தவர்கள் அதன் இருபக்கமும் தார் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

மேட்ரன் போனில் சொல்வாள். “ஊட்டினா சாப்பிடறார். வளையத்தை மட்டும் விட மாட்டேங்கிறார். பொண்ணு இன்னும் சொல்லலைங்கிறார்.” பிறகு ஒருநாள், “யாரோ சொல்லணுமாம்மா, யாருன்னு தெரியலையாம்” என்றாள். அண்ணன் போன் செய்தபோது, நல்ல இடம்தானே என்று கேட்டான். நல்ல இடம் என்றாள். அது உண்மைதான்.

மூன்றாம் வருஷம் அவள் டேப்பைப் பிடித்துக்கொண்டே நான்கு நாள் நடந்து போனாள். அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். நீட்டிய கை வளையத்தைச் சுவரில் அழுத்திக்கொண்டிருந்தது. மணிக்கட்டு குச்சியாகியிருந்தது. காதருகே குனிந்தாள்.

“சரிப்பா.”

அவர் அசையவில்லை.

“சரிப்பா. அளந்தாச்சு. எழுந்திருங்க, வீட்டுக்குப் போலாம்.”

அவர் அவளை மரியாதையாகப் பார்த்தார்.

“நீங்க யாரும்மா? கொஞ்சம் தள்ளி நில்லுங்க. டேப்பை மிதிச்சுடாதீங்க.”

பன்னிரண்டு முறை சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, போகலாமா என்று கேட்டார்.

திரும்பி வர ஐந்து நாள் ஆயிற்று. அலமாரியில் டேப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எத்தனை அடி என்று அவள் பார்ப்பதில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து அலமாரி வரை அது கழுத்து உயரத்தில் இழுத்துக் கட்டியது போல் நிற்கிறது. அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே போகும்போதெல்லாம் அவள் கொஞ்சம் குனிந்துகொள்கிறாள்.